சென்னையிலிருந்து பறந்து சிங்கப்பூரில் கப்பலேறுவோருக்கு: கேள்வி பதில்

சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், பூக்கெட் போன்ற ஊர்களைத் தொட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல்களில் செல்ல, தமிழ்நாட்டிலிருந்து பலரும் விமானச்சீட்டு எடுக்கிறார்கள். கப்பலில் அறை பதிவு செய்வதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும், விமானத்தை விட்டு இறங்கிக் கப்பலில் கால் வைப்பது வரையிலான அந்தச் சில மணி நேரத்துக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: எங்கள் விமானம் காலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. கப்பல் அன்று மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. பதினொரு மணி நேரம் போதாதா, ஐயா?

எல்லாம் ஒழுங்காக நடந்தால் தாராளமாகப் போதும். ஆனால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவதும் ரத்தாவதும் புதிய செய்தி அல்ல. மாலை ஐந்து என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். பயணிகளை ஏற்றுவதை அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே நிறுத்திவிடுவார்கள். உங்கள் கப்பல் சீட்டில் எந்த நேரம் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. விமானச்சீட்டைத் தனியாக வாங்கியிருந்தால், விமான நிறுவனம் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதும்; கப்பல் நிறுவனமோ நீங்கள் வராததால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிடும். அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து சென்று ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குக் கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அந்த நாட்டுக்குள் விமானம் வழியாக நுழையும் தகுதி வேண்டும், கடைசி நேர விமானச்சீட்டுக்குப் பணமும் வேண்டும்.

ஆகவே முந்தைய நாளே சென்று ஓர் இரவு சிங்கப்பூரில் தங்குங்கள். ஓர் இரவு விடுதிச் செலவு, முழுக் கப்பல் பயணத்தையும் இழப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அன்றே செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தால், இடையில் மாறத் தேவையில்லாத நேரடி விமானத்தையும், அது ரத்தானால் அதன் பின்னே இன்னொரு விமானம் இருக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவோடும் நான்கு வயது மகளோடும் செல்கிறேன். விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ரயிலா, டாக்சியா?

முதலில் எந்தக் கப்பல் முனையம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அம்மா. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 2012இல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டரில் நிற்கும். ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் வேறோர் இடம். பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் தவறான முனையத்தில் இறங்குபவர்கள் உண்டு. முனையத்தின் பெயரை முழுவதுமாக எழுதி டாக்சி ஓட்டுநரிடம் காட்டுங்கள்.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு டாக்சிதான் என் பரிந்துரை. சாங்கியிலிருந்து மரினா பே முனையம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெரிசல் இல்லாவிட்டால் அரை மணிக்குள் சேர்ந்துவிடலாம். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் கட்டணத்தின் மேல் பாதி கூடுதலாக வரும் என்பதால், அதிகாலையில் இறங்குபவர்கள் விமான நிலையத்திலேயே காலை உணவை முடித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. மகளைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குச் சிங்கப்பூரில் காரில் தனி இருக்கை கட்டாயம். வழக்கமான டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. செயலியில் அழைப்பதானால் குழந்தை இருக்கையோடு வரும் வண்டியைக் கேட்க வேண்டும்.

பைகள் குறைவாக உள்ள இளையோருக்குப் பெருவிரைவு ரயில் (மெட்ரோ) மலிவானது. சாங்கியில் ஏறி, தானா மேராவில் மாறி, பின்பு சிட்டி ஹாலிலோ ராஃபிள்ஸ் பிளேஸிலோ வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறினால், அதன் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கலாம். அங்கிருந்து முனையம் நடந்து செல்லும் தூரம்தான். விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில் இறங்குபவர்கள் மட்டும் இலவசப் பேருந்தில் வேறு முனையத்துக்கு வந்துதான் ரயில் பிடிக்க முடியும்.

கேள்வி: சிங்கப்பூர் விசா வாங்கிவிட்டேன். வேறு என்ன வேண்டும்?

வருகை அட்டை வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் அதை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே வெளியேறுங்கள்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. கப்பல் பினாங்குக்கோ பூக்கெட்டுக்கோ சென்று திரும்பும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். எனவே விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். வருகை அட்டையையும் திரும்பும் தேதிக்கு ஏற்ப மீண்டும் நிரப்புங்கள். கப்பலில் இணைய இணைப்பு விலை உயர்ந்தது என்பதால் அதற்கான நேரத்தை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் தங்களுக்கென மின்னியல் வருகை அட்டைகளை வைத்திருக்கின்றன. உங்கள் பயணத்துக்கு எவை தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மா மசாலாப் பொடி, ஊறுகாய், வெற்றிலை பாக்கு, மாத்திரைகள் எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். சுங்கத்தில் சிக்கல் வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் சில பொருள்கள் அங்கே குற்றமாகிவிடும். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள்; வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருந்தால் எடுத்துச் செல்ல வேண்டாம். பாக்கோடு மெல்லும் புகையிலை, குட்கா, மூக்குப்பொடி ஆகியவற்றுக்கும் தடை. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். சாதாரண சிகரெட்டுக்குச் சலுகை எதுவும் இல்லை. ஒரே ஒரு பெட்டி என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங் கம்மை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இறைச்சி சேர்த்த ஊறுகாயும் வேண்டாம்.

மாத்திரைகளை மருந்துக்கடை அட்டையிலேயே வைத்து, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அந்நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். ஐயம் எழுந்தால், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்காமல் சிவப்பு வழியில் சென்று அதிகாரியிடம் காட்டுங்கள். தானாக முன்வந்து காட்டியவரையும் பிடிபட்டவரையும் அவர்கள் ஒரே விதமாக நடத்துவதில்லை.

கப்பலுக்கும் தனி விதிகள் உண்டு. தீவிபத்து அச்சத்தால் அயர்ன் பாக்ஸ், மின்கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவர்த்தி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவை அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத தின்பண்டப் பொட்டலங்களை அனுமதிப்பது வழக்கம்.

கேள்வி: சென்னையில் போடும் பெட்டி நேராகக் கப்பல் அறைக்கு வந்துவிடுமா?

வராது. சாங்கியில் நீங்களே எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, துறைமுகத்தில் கப்பலின் அட்டையைக் கட்டி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அது அறைக்கு வர மாலையாகலாம். கடவுச்சீட்டு, மாத்திரை, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கடவுச்சீட்டைப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டுக் குடிநுழைவு வரிசையில் நின்றால், உங்களால் ஏற முடியாது.

கேள்வி: கப்பலில் வரியில்லாக் கடையில் வாங்கிய மதுவைச் சிங்கப்பூரில் இறக்கலாமா?

சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்து இறங்கியிருக்கவும் கூடாது. இவை இரண்டும் பொருந்தினால்தான் மதுவுக்கு வரிச்சலுகை உண்டு. கடைசியாக நின்ற துறைமுகம் பினாங்கா பூக்கெட்டா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: திரும்பும் நாளில் காலை 10 மணி விமானத்தில் சென்னைக்கு வரலாமா? மாமியார் சிங்கப்பூரில் கொஞ்சம் நகையும் வாங்க விரும்புகிறார்.

காலை 10 மணி விமானம் வேண்டாம். கப்பல் விடியற்காலையில் கரை சேர்ந்தாலும், தளம் தளமாகத்தான் இறக்குவார்கள். குடிநுழைவு, பெட்டி எடுத்தல், டாக்சி வரிசை எல்லாம் முடிய முற்பகல் ஆகிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகான விமானமே பாதுகாப்பானது.

நகையைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சுங்கம் தங்க நகைக்குத் தரும் தனிச்சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்கானது. ஒரு வாரம் கப்பலில் சென்று வருபவருக்கு அது கிடையாது. வாங்கும் நகைக்கு ரசீதோடு அறிவித்து வரி கட்ட வேண்டும். அணிந்து செல்லும் சொந்த நகை அதிகம் என்றால், புறப்படும் நாளில் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி, அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு விமானம் ஏறச் சொல்லுங்கள். அதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.