பார்த்துப் பார்த்து வைத்த படகை விற்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரைநகரில் 31 அடி பைபர் பாய்ப்படகு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஒரு குறையும் வைக்காமல் பார்த்து வந்தேன். வாங்க வருகிறவர்களோ கவனிப்பாரற்றுக் கிடந்த படகுக்குச் சொல்கிற விலையைத்தான் எனக்கும் சொல்கிறார்கள். என் பராமரிப்பை எப்படிக் காட்டுவது?

பதில்: வருகிறவர் பார்ப்பது வெளிப்பூச்சைத்தான். பூச்சு பளபளப்பது நல்ல படகுக்கும் ஏமாற்றுப் படகுக்கும் பொது. ஆகவே அவர் சந்தேகப்படும் இடங்களை நீங்களே திறந்து காட்ட வேண்டும்.

முதலில் ஒரு கொப்பி போடுங்கள். இஞ்சின் ஓடிய மணித்தியாலம், எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய தேதிகள், கடல்நீர்ப் பம்பின் றப்பர் சக்கரம் கடைசியாக மாற்றியது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள் போட்ட வருடம், மட்டி பிடிக்காமல் படகின் அடியில் பூசும் அடிப்பூச்சின் பெயரும் அடித்த மாதமும், எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். பற்றுச்சீட்டுகளைப் பின்னால் ஒட்டுங்கள். பற்றுச்சீட்டு தொலைந்த வேலைக்கு, கழற்றிய பழைய உறுப்பு கையில் இருந்தால் அதையே காட்டலாம். இஞ்சினின் கால் படகின் அடியைத் துளைத்து நேரே இறங்கும் 'செயில் டிரைவ்' வகையென்றால், அதன் அடி றப்பர் வளையம் மாற்றிய தேதியைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பார். வொல்வோ பென்டா அதை 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அந்த வளையம் கிழிந்தால் கடல் நேரே உள்ளே வரும்.

படம் எடுக்கும்போது சூரிய அஸ்தமனத்தில் பாய் விரித்த காட்சி ஒன்று போதும். மிச்சப் படங்கள் தரைப்பலகைக்குக் கீழுள்ள பள்ளம், இஞ்சினின் பின்பக்கம், பற்றரி முனைகள், கீல் (படகின் அடியில் நீண்டிறங்கும் பாரமான பகுதி) உடலோடு சேரும் கோடு, கம்பி வடங்களைப் பிடிக்கும் இரும்புத் தகடுகளின் உட்பக்கம் ஆகியவையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் மறைக்கும் இந்த இடங்கள் காய்ந்து சுத்தமாகத் தெரிந்தால், கொழும்பிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ புறப்பட்டு வரலாமென்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வரும்.

வருகிறவர் வரும் முன் இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். அனுபவமுள்ளவர் வந்ததும் இஞ்சினில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் குளிரில் இயங்காத இஞ்சின் என்றே எடுத்துக்கொள்வார். அவர் கண்முன்னே குளிர்ந்த இஞ்சினை இயக்குங்கள். முதல் அரை நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை. நீலப்புகை நின்று வந்தால் எண்ணெய் எரிகிறது. பாரம் கொடுக்கும்போது கரும்புகை வந்தால் இஞ்செக்டரைக் குற்றம் சொல்லும் முன் நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைப் பாருங்கள். மட்டி பிடித்த விசிறியே பலமுறை காரணமாக இருக்கும்.

இன்னொன்று மணம். கழிப்பறைக் குழாயை வெந்நீரில் பிழிந்த துணியால் இறுகத் துடைத்து, துணியை மணந்து பாருங்கள். துணி நாறினால் நாற்றம் குழாயின் சுவருக்குள்ளேயே ஊறிவிட்டது. எந்த வாசனைத் திரவியமும் அதைப் போக்காது; குழாயை மாற்றத்தான் வேண்டும். செலவு சிறிது, பலன் பெரிது.

கேள்வி: அதே அளவுப் படகுதான். கம்பி வடங்களுக்கு 14 வயது, பாய்கள் பழசு, பற்றரி சோர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு விற்பதா, இருந்தபடி விற்பதா?

பதில்: பற்றரியை மாற்றுங்கள். நிறைந்த 12 வோல்ட் ஈய பற்றரி ஓய்வில் 12.7 வோல்ட் அளவு காட்டும், 12.2 என்றால் பாதிதான். பார்க்க வந்தவர் முன்னால் இஞ்சின் முக்கினால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பாய்களைப் புதிதாகத் தைப்பிக்க வேண்டாம். போட்ட காசு விலையில் திரும்பி வராது. வெயிலில் துணிக்கு முன் இற்றுப்போவது தையல் நூல். விரல் நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள். நூல் உதிர்ந்தால் அந்த மூட்டுகளை மட்டும் மறுபடி தைப்பித்து, நன்னீரில் கழுவி, நிழலில் காயவைத்து மடித்து வையுங்கள்.

கம்பி வடங்கள் வேறு கதை. துருப்பிடிக்காத எஃகு வடங்களைப் 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றுவது வழக்கம். பல காப்புறுதிக் கம்பனிகளும் வயதைக் கேட்கும். நம் வெயிலும் உப்பும் அந்தக் கணக்கைக் குறைக்கும், கூட்டாது. முனையில் அழுத்திய உருளைக்குள் கம்பி நுழையும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலோ, உருளையில் முடியளவு வெடிப்பு இருந்தாலோ, அந்தப் படகில் ஆளை ஏற்றிப் பாய் விரிப்பதே பிழை. மாற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். வயதைத் தவிர வேறு குறை இல்லையென்றால், மாற்றுவதற்கான விலைக்கூற்று ஒன்றை எழுத்தில் வாங்கி வையுங்கள். அதைக் காட்டி அந்தளவு விலையைக் குறைப்பது நல்லது. புதிய உரிமையாளர் தனக்குப் பிடித்த வகையில் போட்டுக்கொள்வார்.

கேள்வி: படகைக் கரையேற்றியபோது அடியில் பத்துப் பன்னிரண்டு கொப்புளம். பூச்சுக்காரர் "பட்டி போட்டு அடித்தால் ஒருவருக்கும் தெரியாது" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கார்ப் பட்டி பொலியெஸ்டர். அது நீர் குடிக்கும். சில மாதத்தில் அதே இடம் மறுபடி உப்பும். அப்போது வாங்கியவர் உங்களைத் தேடி வருவார், அவர் வருவதில் நியாயமும் இருக்கும்.

கொப்புளம் எதுவென்று முதலில் தெரியவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி முனையால் ஒன்றைக் குத்துங்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் திரவம் முகத்தில் பாயலாம். காய்ந்திருந்தாலோ வெறும் நீர் வந்தாலோ, கீழே ஜெல்கோட் என்ற பைபரின் வழுவழுப்பான மேற்படை முழுசாக இருந்தாலோ, அது பூச்சு விட்டுப்போன குறைதான். வினாகிரி மணத்தோடு விரலில் பிசுபிசுக்கும் திரவம் வந்தால் அது ஒஸ்மோசிஸ். ஜெல்கோட்டைத் தாண்டி நீர் மெல்ல ஊறி, றெசினில் மிஞ்சிய இரசாயனங்களைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் மேலும் நீரை இழுத்து உப்புகிறது. வெதுவெதுப்பான நீரில் இது விரைவாக நடக்கும்.

பத்துப் பன்னிரண்டு கொப்புளத்தால் படகு மூழ்காது. ஒவ்வொன்றையும் நல்ல பைபர் தெரியும்வரை அரைத்துத் திறந்து, பல நாள் திரும்பத் திரும்ப நன்னீரால் கழுவுங்கள். பிறகு வாரக்கணக்கில் காயவிட்டு, எப்பொக்சிப் பட்டியால் நிரப்பி, மேலே எப்பொக்சித் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் எல்லா வேலையும் வீண். காயவிட நேரமில்லையென்றால் கொப்புளத்தைத் திறந்தபடியே காட்டி, எத்தனை என்று எழுதிக்கொடுத்து விலை பேசுங்கள்.

குறையை மறைத்ததாகத் தோன்றக்கூடாது என்பதற்காகத்தான், விற்பனைக்குக் கரையேற்றிய படகுக்குப் புது அடிப்பூச்சு அடிக்க வேண்டாம் என்போம். வாங்குபவர் கூட்டிவரும் பரிசோதகர் எப்படியும் சில இடத்தில் சுரண்டித்தான் ஈரம் அளப்பார். செம்பு கலந்த பூச்சும் மேலே படிந்த உப்பும் ஈரமானியைக் கூட்டிக் காட்டும். நன்னீரால் கழுவி, காயவிட்டு, அவர் பார்த்து முடிந்தபின் அடியுங்கள்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கேயுள்ள தன் பாய்ப்படகை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விற்றால் நல்ல விலை வருமா?

பதில்: வராது. அந்த வகைப் படகை வாங்கும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே சுங்கத் தீர்வை ஒருபுறம். ஐந்தடி, ஆறடி ஆழம் எடுக்கும் கீலோடு நம் களப்பில் எங்கே போவது? பல இடங்களில் இடுப்பளவு நீர்தான்.

அங்கே விற்பதற்குக் கடதாசிகளை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் வரிசையாக, மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான சான்று, 1998 ஜூன் 16க்குப் பின் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த படகென்றால் சீ.ஈ. முத்திரைச் சான்று ஆகியவை வேண்டும். பலரும் பிழை விடுவது பதிவில். பிரித்தானியக் கப்பல் பதிவேட்டில் சிறு படகுகளுக்கான மூன்றாம் பகுதிப் பதிவு உரிமைக்குச் சான்று ஆகாது. முதலாம் பகுதிப் பதிவுதான் உரிமையையும் அடமானத்தையும் பதியும்.

அங்கு வழமையாகப் பத்து வீதம் முற்பணம் வாங்கி, பரிசோதனைக்கும் கடலோட்டத்துக்கும் உட்பட்டதென்று ஒப்பந்தம் எழுதுவார்கள். தூக்கும் செலவும் பரிசோதகர் கட்டணமும் வாங்குபவருடையது. படகு கைமாறியதும் ஆபத்துச் சமிக்ஞைக் கருவியின் பதிவிலிருந்து மகன் தன் பெயரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் கடலில் தத்தளிக்கும்போது மீட்புக்காரர் மகன் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

கேள்வி: குருநகர். 18 அடி பைபர் படகு, 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சின். எதை எதைப் பார்த்து வைக்க வேண்டும்?

பதில்: மூன்று இடம். கியர் எண்ணெயின் கீழ்த் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் எடுங்கள். பால்போல வந்தால் சீல் போய்விட்டது. இரண்டு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்து எழுதி வையுங்கள்; வித்தியாசம் பத்து வீதத்துக்குள் நின்றால் அந்தத் தாளையே காட்டலாம். பிறகு இஞ்சின் பூட்டும் பின்பலகை. இஞ்சினைச் சாய்த்து அதன் காலில் பலமாக அழுத்துங்கள். பலகை அசைந்தால் உள்ளேயிருக்கும் ஒட்டுப்பலகை இற்றிருக்கிறது. போல்ற் துளைகளைச் சீல் பண்ணாமல் விட்டதால் வரும் குறை அது. மேலே ஜெல்கோட் பூசி மறைத்தால், வாங்கியவரின் இஞ்சின் ஒருநாள் கடலில் போய்விடும்.

ஓட்டிக் காட்டி நிறுத்தும் முன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றுங்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்தமுறை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும்.

இஞ்சின் இலக்கம் கடதாசியிலுள்ள இலக்கத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். கடற்றொழில் திணைக்களப் பதிவு மாறும்வரை முழுக்காசு வாங்கிப் படகை விட்டுவிட வேண்டாம். தடைசெய்த தொழிலில் படகு பிடிபட்டால் முதலில் தேடப்படுபவர் பதிவில் பெயர் உள்ளவர்தான்.

கேள்வி: பருத்தித்துறை. அப்பாவின் பழைய மர வள்ளம். வாங்குபவர் வரும்வரை கரையில் ஏற்றி வைக்கவா?

பதில்: வேண்டாம். நம் வெயிலில் இரண்டு கிழமையில் பலகை சுருங்கி மூட்டு விரியும், மூட்டில் அடைத்த கலப்பற்று உதிரும். நீரிலேயே விடுங்கள், அல்லது ஓலையால் மூடித் தினமும் உள்ளே உப்புநீர் ஊற்றுங்கள். நன்னீர் மரத்தை இற்றுப்போக வைக்கும்.

மரக்கலம் பழசென்று தள்ளிவிடவும் வேண்டாம். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அதுவும் பாவித்த கப்பல்தான்.

கேள்வி: படகை ஓட்டிக் காட்ட எந்த மாதம் நல்லது?

பதில்: வடகரையில் வாடைக்காற்று அடங்கிய பின், பங்குனி, சித்திரை. வாடையில் அலை கரையை நோக்கி எழும். எந்தப் படகும் நல்ல படகாகத் தெரியாது. தீவுகளின் தென்பக்கம் நிற்கும் படகென்றால் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலக்கும் முன் காட்டிவிடுங்கள். காலையில் பத்து முடிச்சுக் காற்று இருந்தால் போதும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, முற்பணத்துக்கு எழுதிய பற்றுச்சீட்டு, இரண்டும் இருந்தால் நங்கூரத்தை எடுங்கள். சுக்கானை அவரிடமே கொடுத்துவிட்டு நீங்கள் பாய்க்கயிற்றைப் பிடியுங்கள்.