பணம் கட்டியும் வராத 28 விமானங்கள்

கேள்வி: பாகிஸ்தான் சீனாவிடமிருந்து போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல் என்று வாங்கிக் குவிக்கிறது. நாமும் ரஃபேல் வாங்குகிறோம். அணு ஆயுதம் இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தப் போட்டியில் முன்னால் நிற்பது யார்?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டின்படி இந்தியாவிடம் ஏறத்தாழ 180 அணு ஆயுதங்கள், பாகிஸ்தானிடம் ஏறத்தாழ 170. லாகூரையோ அமிர்தசரஸையோ அழிக்க ஒன்றே போதும் என்னும்போது, பத்து கூடுதலாக இருப்பதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் எழுதிய 'வாங்கிக் குவிக்கிறது' என்பதுதான். பணத்தைக் கொடுத்தால் ஆயுதம் வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். பாகிஸ்தானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நம்பியது.

1980களின் இறுதியில் அந்த நாடு அமெரிக்காவிடம் எஃப்-16 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துத் தவணை தவணையாகப் பணமும் கட்டியது. அப்போது பிரஸ்லர் திருத்தம் என்றொரு அமெரிக்கச் சட்டம் இருந்தது. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். தந்தால்தான் ராணுவ உதவி. ரீகன் தந்தார். அவருக்குப் பின் வந்த மூத்த புஷ்ஷும் 1989-இல் தந்தார். பாகிஸ்தானின் கஹூட்டாவில் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டப்படுவது உலகம் முழுக்கத் தெரிந்திருந்த காலம் அது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருக்கும்வரை வாஷிங்டனுக்குப் பாகிஸ்தான் வேண்டியிருந்தது. அதனால் சான்றிதழும் வந்துகொண்டிருந்தது. 1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறியது. 1990 அக்டோபரில் சான்றிதழ் நின்றது.

விமானங்கள் தயாரான பிறகும் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளத்தில், பாலைவன வெயிலில் 28 எஃப்-16 விமானங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. பாகிஸ்தான் கட்டியிருந்த தொகை ஏறத்தாழ 65 கோடி டாலர். விமானமும் கிடைக்கவில்லை, பணமும் முழுதாகத் திரும்பவில்லை. அவற்றை அங்கே நிறுத்திவைத்த செலவும் பாகிஸ்தான் தலையில் விழுந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பரில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 32 கோடி டாலருக்கு மேல் ரொக்கம். கூடவே கோதுமை உள்ளிட்ட பொருட்கள். அந்த விமானங்களை நியூசிலாந்துக்குக் குத்தகைக்கு விடப் பேசினார்கள். 2000-இல் அந்நாட்டின் ஹெலன் கிளார்க் அரசு அதை ரத்து செய்தது. கடைசியில் ஒரு பகுதி அமெரிக்கக் கடற்படைக்கே போய்ச் சேர்ந்து, பயிற்சியில் எதிரி விமானமாக வேடம் கட்டிப் பறந்தது. பாகிஸ்தான் விமானிகளுக்காகச் செய்யப்பட்ட விமானங்கள்!

இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் மகிழ ஒன்றுமில்லை. 1974-இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்கான புளூட்டோனியம், கனடா கட்டித்தந்து அமெரிக்கா கனநீர் கொடுத்த சிரஸ் அணு உலையிலிருந்து வந்தது. அதன் விளைவு மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு வந்தது. எரிபொருள் தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்த அமெரிக்கா நிறுத்திவிட்டது. நாம் பிரான்ஸைத் தேடிப் போனோம். 1990களில் சீனாவிடமே வாங்கினோம். 1998 சோதனைகளுக்குப் பிறகு, தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு முறைக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்றும் தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினில்தான். எஞ்சின் வரத் தாமதமானால் விமானமும் தாமதம். மாட்டை விற்றவன் மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிற வியாபாரம் இது. இரு நாடுகளும் அந்தச் சந்தையில்தான் நிற்கின்றன.

அணுகுண்டும் இதே சந்தையில் துண்டு துண்டாக வாங்கப்பட்டதுதான். நெதர்லாந்தில் வேலை பார்த்த பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர் கான் 1975 டிசம்பரில் நாடு திரும்பியபோது, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் நுட்பம் அவரோடு வந்தது. நுட்பம் மட்டும் இருந்தால் யுரேனியம் செறிவூட்ட முடியாது. வால்வு வேண்டும், வெற்றிடப் பம்பு வேண்டும், விசேஷ எஃகு வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விற்றன. மின்சார இன்வெர்ட்டர்களை பிரிட்டனில் ஜவுளி ஆலைக்கு என்று சொல்லி வாங்கினார்கள். வாங்கியவர் பின்னர் விற்பவரும் ஆனார். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தபோது மலேசியாவில் செய்த மையவிலக்கு உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. 2004 பிப்ரவரியில் கான் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் போஃபர்ஸ் வரும் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். வரத்தான் செய்யும். 'எல்லையில் சிப்பாய் நிற்கும்போது கணக்குக் கேட்பதா' என்று கடிதம் எழுதியவர்களோடு எனக்குள்ள சண்டை இன்னும் தீரவில்லை.

1986-இல் சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி லஞ்சச் செய்தியைச் சொன்னது. அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து 'தி இந்து' ஆவணங்களை வரிசையாக வெளியிட்டது. ஆட்சி மாறியது, வழக்கு நடந்தது, ஆண்டுகள் ஓடின; லஞ்சம் வாங்கியதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தண்டனை யாருக்கு விழுந்தது? பீரங்கிப் படைக்கு. அடுத்த முப்பது ஆண்டுகள் எந்த அமைச்சரும் புதிய பீரங்கிக் கோப்பில் கையெழுத்துப் போடத் துணியவில்லை. 1999-இல் கார்கில் மலைமுகடுகளை மீட்க அதே போஃபர்ஸ்தான் சுட்டது. அடுத்த புது வெளிநாட்டுப் பீரங்கி நம் மண்ணில் இறங்கியது 2017-இல். போஃபர்ஸ் ஒப்பந்தப்படி நமக்கு வந்த தொழில்நுட்ப வரைபடங்கள் அத்தனை காலமும் கிடப்பில் கிடந்தன. பிறகு அவற்றை வைத்துத்தான் ஜபல்பூரில் தனுஷ் பீரங்கி உருவானது. எடுத்துப் பார்க்க ஒரு தலைமுறை ஆயிற்று!

நீர்மூழ்கிக் கப்பலிலும் இதே கதை. 1981-இல் ஜெர்மானிய நிறுவனத்தோடு ஒப்பந்தம். இரண்டு கப்பல் அங்கே கட்டப்பட்டது, இரண்டு மும்பை மசகான் தளத்தில். கடலடி அழுத்தத்தைத் தாங்கும் உடற்பகுதியை வெல்டிங் செய்ய நம் தொழிலாளர்கள் ஜெர்மனி போய்க் கற்றுவந்தார்கள். அந்த வெல்டிங்கில் மயிரிழைப் பிசகு இருந்தாலும் ஆழத்தில் கப்பல் நசுங்கும். லஞ்சப் புகார் எழுந்தது, ஒப்பந்தம் தொடரவில்லை. கற்ற கைகள் வேலையில்லாமல் கலைந்தன. 2005-இல் பிரான்ஸோடு புது ஒப்பந்தம் போட்டபோது மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கமிஷன் வாங்கியவன் நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது பணத்தை மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதுவே. பாகிஸ்தான் 1994-இல் பிரான்ஸிடம் மூன்று அகோஸ்டா நீர்மூழ்கிகள் வாங்கியது. பின்னர் கடற்படைத் தளபதியான மன்சூருல் ஹக் ஊழல் வழக்கில் அமெரிக்காவில் பிடிபட்டு, 75 லட்சம் டாலரைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கிலிருந்து விடுபட்டார். கமிஷனில் ஒரு பங்கு பிரான்ஸின் தேர்தல் செலவுக்கே திரும்பிப் போனது என்ற வழக்கில் 2020-இல் பாரிஸ் நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது. இடையில் 2002 மே மாதம் கராச்சியில் பஸ் ஒன்றின் அருகே குண்டு வெடித்து, அந்தக் கப்பலைக் கட்ட வந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் 11 பேர் இறந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு மக்களுக்குத் தெரியக் கூடாது என்கிறார்கள். பாகிஸ்தானில் பல பத்தாண்டுகள் ராணுவ பட்ஜெட் நாடாளுமன்றத்துக்கு ஒற்றை வரியாகவே வந்தது. 2008-இல்தான் ஓரளவு விவரம் தந்தார்கள். நம் கதைக்கு 2019 பிப்ரவரியில் வந்த சி.ஏ.ஜி. (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். 36 ரஃபேல் பேரம் முந்தைய பேரத்தைவிட 2.86 சதவீதம் மலிவு என்கிறது. எந்தத் தொகையில் 2.86 சதவீதம் என்று கேட்டால், விலை இருக்க வேண்டிய இடங்களில் குறியீட்டு எழுத்துகள். தணிக்கை அறிக்கையில் விலையை மறைத்தால் பிறகு எதைத் தணிக்கை செய்தார்கள் என்று வாசகன் எப்படித் தெரிந்துகொள்வான்?

காசு கொடுக்காமல் இரு நாடுகளும் பெற்ற ஒரு பாதுகாப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் இஸ்லாமாபாத்தில் இருக்க ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது: ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு அரசுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, தூதரகம் வழியே மாற்றிக்கொள்கின்றன. கல்பாக்கமும் கூடங்குளமும் இந்த ஒப்பந்தத்தின் வரையறைக்குள் வருபவை. எல்லையில் படைகள் முட்டிக்கொண்டு நின்ற 2002 புத்தாண்டிலும் பட்டியல் போயிற்று, வந்தது. மும்பைத் தாக்குதல் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத 2009 ஜனவரி 1 அன்றும் மாற்றிக்கொண்டார்கள். இதை ஒரு நல்ல காரியம் என்று மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அது போதாது. 2005-இல் போட்ட இன்னொரு ஒப்பந்தப்படி, உயர எழுந்து வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிக்கும் முன் ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும். விமானம்போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணை அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து பாகிஸ்தான் பஞ்சாபில் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை. இந்தியா பொதுவெளியில் ஒப்புக்கொண்டது 11-ஆம் தேதி. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று அந்தப் பக்கம் பொறுப்பில் இருந்த அதிகாரி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குரூஸ் ஏவுகணையை அந்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். தவறுதலாக ஏதாவது பறந்துவிட்டால் சில நிமிடங்களுக்குள் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.