இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு மூன்று மாதம் அலைந்தும் ஆணியும் பாட்டில் மூடியும்தான் கிடைக்கின்றன. பழைய காசு கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

விலை கூடிய டிடெக்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். காசின் மேலேயே நடந்து போயிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

தேடுவது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். இடைக்கால வெள்ளிப் பென்னி ஏறக்குறைய 18 மி.மீ. அகலம், ஒன்றரை கிராமுக்கும் குறைவான எடை, தகடு போல மெலிசு. 1279-80இல் மன்னர் முதலாம் எட்வர்டு வட்டமான அரைக்காசும் கால்காசும் கொண்டுவரும்வரை, சில்லறைக்குப் பென்னியையே பாதியாகவும் காலாகவும் நறுக்கிப் புழங்கினார்கள். அந்தக் கால் துண்டு விரல் நகம் அளவுதான். இந்தக் காலத்துத் தடித்த நாணயத்தைப் புதைத்து வைத்துப் பழகிய காதுக்கு, இதன் சத்தம் சிக்னலாகவே படாது. ஹெட்போன் இல்லாமல் தேடுவது வீண்.

அடுத்தது டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகங்களை டிடெக்டர் ஒதுக்கும்படி வைக்கும் அமைப்பு. ஒவ்வொரு உலோகத்துக்கும் டிடெக்டர் திரையில் ஓர் எண் காட்டும். கேன் மூடி வளையமும் அலுமினியத் தாளும் தொல்லை தருகின்றன என்று அந்த எண்களை எல்லாரும் அடைத்துவிடுகிறார்கள். சிறிய தங்கக் காசும் நறுக்கிய வெள்ளியும் விழுவது அதே எண்களில்தான். இரும்பை மட்டும் தள்ளுங்கள், மிச்சத்தை எல்லாம் தோண்டுங்கள். குப்பை தோண்டாமல் காசு இல்லை.

இரும்பும் ஏமாற்றும். லாடமும் வளைந்த ஆணியும் சில நேரம் வெள்ளியைப் போல உயர்ந்த டோன் கொடுக்கும். நின்ற இடத்திலிருந்து 90 பாகை திரும்பி டிடெக்டரை மறுபடி வீசுங்கள். காசு என்றால் இரு பக்கமும் அதே டோன், அதே புள்ளி. டோன் உடைந்தாலோ புள்ளி நகர்ந்தாலோ பெரும்பாலும் இரும்பு. பழைய வீடு இருந்த இடங்களில் ஆணி நிறைந்திருக்கும். டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டுக்குக் காயில் (coil) என்று பெயர். பெரிய காயில் என்றால் ஆணியையும் காசையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு இரும்பு என்று சொல்லிவிடும். அங்கே 9 அங்குலக் காயிலோ அதற்கும் சிறியதோதான் சரி.

வீச்சுதான் பலரும் கெடுத்துக்கொள்ளும் இடம். வாசல் பெருக்குவது போல வீசினால் இரு ஓரத்திலும் காயில் மேலே எழும். 5 செ.மீ. தூக்கினால் ஆழத்தில் 5 செ.மீ. போயிற்று. சிறு காசு 15 செ.மீ. ஆழத்திலேயே திணறும் என்பதால் அது பெரிய நட்டம். மண்ணை ஒட்டி, ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு போக்கு மூன்று விநாடி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடும்படி. சென்சிடிவிட்டியை (உணர்திறனை) உச்சத்தில் வைக்காதீர்கள். மின்கம்பி அருகில் அது வெறும் இரைச்சல். பாக்கெட்டில் இருக்கும் கைபேசியும் இரையும்.

வயல்: உழுது, பரம்படித்து, உருளை ஓட்டிய ஈர நிலம் முதல் தரம். அறுத்த தாள் நிற்கும் வயலில் காயில் தரையைத் தொடாது. தோட்டக் கழிவு உரம் கொட்டிய வயல் என்றால் திரும்பிவிடுங்கள். அரைபட்ட அலுமினியத் துணுக்கு மண் முழுக்கக் கத்தும், அந்த நிலம் இனித் தேறாது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் இலவசமாக உள்ளன, இங்கிலாந்துக்கும் சேர்த்து. மறைந்துபோன நடைபாதைகளையும் சந்தைத் திடல்களையும் அதில் பாருங்கள். ஆள் நடந்த இடத்தில்தான் காசு விழும்.

மண்வெட்டியைப் புள்ளிக்கு 10 செ.மீ. தள்ளி இறக்குங்கள். புல்வெளியில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுத் திருப்புங்கள். எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பில் போட்டுப் பின்பாயிண்டரால் (கையில் பிடிக்கும் குச்சி போன்ற சிறு டிடெக்டர்) துழாவுங்கள். குழியை மூடுமுன் இன்னொரு முறை வீசிப் பாருங்கள்.

கிடைத்த காசைக் கட்டைவிரலால் தேய்க்காதீர்கள். மண்ணிலுள்ள மணல் துகள் வெள்ளியைக் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் அலசினால் போதும். ரோமானிய வெண்கலக் காசைப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளியோ எலுமிச்சையோ போட்டு விளக்குவது கொலை. அந்தப் பச்சைப் படலத்தில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வேறு, காசை அரிக்கும் நோய். சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியே வையுங்கள்.

சட்டம்: நிலக்காரர் அனுமதி கட்டாயம். அதையும், கிடைப்பதைப் பங்கிடும் ஒப்பந்தத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி அனுமதி இல்லாமல் டிடெக்டர் போடுவது குற்றம். 300 ஆண்டைத் தாண்டிய தங்க, வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்தாலே 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். செம்பு, வெண்கலம் என்றால் பத்து. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

காசு குவியலாக வந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர் அருகே டிடெக்டரோடு தேடிய டேவ் கிறிஸ்ப் ஒரு பானையைக் கண்டதும் நிறுத்தித் தொல்லியலாளர்களை அழைத்தார். 52,503 ரோமானியக் காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததில் கடைசிக் காலத்துக் காசுகள் பெரும்பாலும் மேலே இல்லாமல் பானைக்குள் ஆழத்தில் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உண்டியல் இல்லை, ஒரே முறையில் கொட்டிப் புதைத்தது என்று அதிலிருந்துதான் புரிந்தது. கையால் அள்ளியிருந்தால் அந்தச் சேதி போயிருக்கும்.

ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஏற்றுமதி அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.