ஏழு சக்கரம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் மகளின் பள்ளி ஆண்டு விழா. யு.கே.ஜி. படிக்கிறாள். மயில் நடனத்துக்கு ஆடை வாடகை மட்டும் 1,200 ரூபாய். மேடையேறியதும் எங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கையசைத்தாள். பாட்டு முடியும்வரை அதையே செய்தாள். ஓர் அடிகூட ஆடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழ்த்தளத்தில் ஓவியக் கண்காட்சி. அங்கே அவள் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டில் வேறு மாதிரி வரைகிறாள். என் மனைவி இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். வயிற்றுக்குள் பாப்பா தெரிகிற மாதிரி அம்மாவை வரைகிறாள். பாப்பாவின் கையில் பலூன் வேறு. நடன வகுப்பில் சேர்ப்பதா, ஓவிய வகுப்பிலா? இரண்டுக்கும் நேரம் இல்லை.

செ., கோவை

அன்புள்ள செ.,

அத்தனை தலைகளுக்கு நடுவே ஐந்து வயது மகள் அப்பாவைக் கண்டுபிடித்துக் கையசைத்திருக்கிறாள். நீங்களோ பக்கத்து இருக்கைக்காரர் சிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். திருப்பிக் கையசைத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. கையில் செல்பேசி இருந்திருக்கும். நடனத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

படத்துக்கு வருகிறேன். 'அங்கே நன்றாகவே இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதே சுவரில் இருந்த மற்ற படங்களைப் பார்த்தீர்களா? போன மாதம் பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். முப்பது படங்கள். முப்பதிலும் ஒரே குடிசை, ஒரே தென்னை, இரண்டு மலைக்கு நடுவே ஒரே சூரியன். ஒரு கோடுகூட நடுங்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கை. பாவம், பெற்றோர் குறை சொல்வார்களே என்று ஆசிரியை இரவெல்லாம் உட்கார்ந்து போட்டிருப்பார். அந்தப் பெற்றோர் யார்? நீங்களும் நானும்தான்.

உங்கள் மகள் வரைந்ததில் பிழை இல்லை. பிரான்சில் ஜார்ஜ் ஆன்ரி லுக்கே என்றொரு தத்துவ அறிஞர், தன் மகள் கிறுக்கியதையெல்லாம் சேர்த்து வைத்து, ஆராய்ந்து, 1913இல் புத்தகமாகவே போட்டார். அந்த வயதில் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்றார். மண்ணுக்குள் கிழங்கு தெரியும். வயிற்றுக்குள் பாப்பா தெரியும். வளர வளர அது தானே மாறிவிடும். அதற்குள் திருத்த நமக்கு என்ன அவசரம்?

லுக்கேயை நான் படித்தது பிற்பாடுதான். என் அப்பா பஸ் கண்டக்டர். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் சணல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு எங்கள் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு டிரிப்புக்கு நடுவே, தோள்பையோடும் காக்கிச் சட்டையோடும் அப்பா வந்தார். நான் வரைந்திருந்தது அவருடைய பஸ். ஒரே வரிசையில் ஏழு சக்கரம் போட்டிருந்தேன். ஆசிரியர் ஐந்தை அழித்துவிட்டு, மிச்சம் இரண்டைக் காம்பஸ் வைத்துச் சுத்தமான வட்டமாக ஆக்கியிருந்தார்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தாளை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடமெல்லாம் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. ஆனால் நான் அழுத்திப் போட்ட பென்சில் தடம் போகவில்லை. டிக்கெட் கிழித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் ஒவ்வொரு பள்ளமாகத் தடவி எண்ணினார். முன்னால் இரண்டு. பின்னால் நான்கு. விரல் ஏழாவதில் நின்றது.

"இது?"

"ஸ்டெப்னி."

அன்று அவருடைய பஸ் பத்து நிமிடம் தாமதமாகத்தான் புறப்பட்டது. அந்தப் பத்து நிமிடமும் எந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பு விஷயத்தை மறந்தே போனேன். இரண்டிலும் சேர்க்க வேண்டாம். பாப்பாவுக்கு அந்தப் பலூனை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று மகளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.