சுங்கை சிப்புட்டிலிருந்து புத்தர் கோயிலுக்குப் போகலாமா?

"நாங்கள் தோட்டத்து இந்துக் குடும்பம். அம்மாவோடு புத்தர் கோயிலுக்குப் போனால் உள்ளே விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், மதம் கேட்க மாட்டார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகரத்துக்குப் போகும் பழைய சாலையிலேயே பேராக் தோங் என்ற புத்தர் கோயில் இருக்கிறது. 1926இல் சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் அமைத்த கோயில். உட்கார்ந்த கோலத்தில் பெரிய புத்தர், சுவரெங்கும் ஓவியங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். நம் வழக்கப்படி கைகூப்பிக் கும்பிடலாம், ஊதுபத்தி கட்டாயமில்லை. கும்பிடுகிறவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள், அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம், குன்றின் மேலே ஏற நூற்றுக்கணக்கான படிகள். அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் கீழேயே உட்காரட்டும். புத்தரின் விசாக தினத்தில் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.