பல்கலைக்கழக ஆசிரியர் பேரவையின் பைலாவை எப்படித் திருத்துவது?

பைலா என்பது பேரவை தன்னை நடத்திக்கொள்ளத் தானே எழுதி வைத்திருக்கும் விதிகள்: யார் உறுப்பினர், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, இதெல்லாம். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். பைலாவைத் திருத்த மட்டும் பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. திருத்தத்தை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பியிருக்க வேண்டும், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சில இடங்களில் நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் தேவை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அன்றைக்கு வந்த கொஞ்சம் பேர் சேர்ந்துகொண்டு, வராதவர்களின் உரிமையில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வீட்டில் சோபாவை நகர்த்த யாரையும் கேட்பதில்லை, சுவரை இடிப்பதென்றால் எல்லோரிடமும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று, பலர் இதைக் கவனிப்பதில்லை. கோரத்தை, அதாவது கூட்டம் செல்வதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையை, 40-லிருந்து 30 ஆகக் குறைக்கலாம் என்று அறிவிப்பு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து 35 போதுமே என்றால் சரி, அதை எடுத்துக்கொள்ளலாம். 20 ஆக்குவோம் என்றால் முடியாது. 30 தானே, போகட்டும் என்று வராமல் இருந்துவிட்டவருக்கு 20 என்பது தெரியவே தெரியாதே! 1876-ல் முதலில் வெளிவந்து இன்றும் பல பேரவைகள் பின்பற்றும் ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறைப் புத்தகம் சொல்வதும் இதுதான்.

மூன்றில் இரண்டு என்றதும் மொத்த உறுப்பினர்களில் என்று நினைத்துவிடுகிறார்கள்; பைலாவில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய விழுந்த ஓட்டுகளில்தான் கணக்கு, 60 பேர் உட்கார்ந்திருந்து 45 பேர் மட்டும் ஓட்டுப் போட்டால் 30 போதும்.