18 வயசுப் பிள்ளையை ஓட்டுப் போட வைக்க முதலில் என்ன செய்யணும்?

வீடு கோபியில், மகள் கோவையில் விடுதியில். தேர்தலில் அவளுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கீங்க. அறிவுரைக்கு முன்னால், வாக்காளர் பட்டியலில் புதுசாய்ப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்ப வையுங்க. பட்டியலில் பெயர் ஏறாத பிள்ளைக்குத் தேர்தல் அடுத்தவர் வீட்டு விசேஷம்தான்.

17 முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 18 முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாள்கள் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். விடுதி முகவரி என்றால் கல்லூரியின் சான்றும் வையுங்க. ஊரா, விடுதியா, ஏதாவது ஒரு இடத்தில்தான்; இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தப்பு. பிற்பாடு இடம் மாறினால் படிவம் 8, மறுபடி 6 அல்ல.

நிறையப் பேர் கோட்டை விடுவது தேதியில். வேட்புமனுவின் கடைசி நாளுக்கு அப்புறம் பெயர் சேர்க்க முடியாது. அதற்குச் சில நாள் முன்பே விண்ணப்பம் போயிருக்கணும். சந்தேகம் என்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் பண்ணுங்க.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்க: வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு, தினக்கூலிக்கும்.